பட்டனை அமுக்கினால் கத்தும், மோப்பம் பிடிக்குமா?

மலேசியாவின் நிபோங் திபாலில் எங்கள் மாமாவும் அவருடைய பழைய தோட்டத்துக் கூட்டாளிகள் மூவரும் சேர்ந்து போன வருஷம் ஒரு செகண்ட்ஹேண்ட் போட் வாங்கினார்கள். செம்பனைத் தோட்டத்தில் முப்பது வருஷம் டிராக்டர் ஓட்டியவர். ஓய்வுக்குப் பிறகு கிரியான் ஆற்றில் இறங்கி, கடல்வாய் வரை போய், ராத்திரி முழுக்கத் தூண்டில் போட வேண்டும் என்று ஆசை. போட்டில் நாலு பேர் படுக்க ஒரு கேபின், கேபினுக்கு ஒரு ஏர்கான், ஏர்கானுக்கு ஒரு பெட்ரோல் ஜெனரேட்டர். சுவரில் பழுப்பேறிய வெள்ளைப் பெட்டி ஒன்றும் இருந்தது. கார்பன் மோனாக்சைடு டிடெக்டர், அதாவது எஞ்சின் புகையில் வரும் அந்த விஷவாயுவை மோப்பம் பிடித்துக் கத்தும் கருவி.

மாமா அதன் பட்டனை அமுக்கிக் காட்டினார். காது கிழியக் கத்தியது. "பார்த்தியா தம்பி, நல்லாத்தான் இருக்கு."

கழற்றிப் பின்பக்கம் பார்த்தேன். தயாரித்த ஆண்டு 2011.

"இது செத்து ரொம்ப நாளாச்சு மாமா" என்றதற்கு, கத்துகிற சாமானை எப்படிச் செத்தது என்கிறாய் என்று கோபித்துக்கொண்டார். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அந்தப் பட்டன் பெரும்பாலான பெட்டிகளில் பேட்டரியையும் மின்சுற்றையும் பஸ்ஸரையும்தான் சோதிக்கிறது. தொண்டை சரியா என்று பார்க்கும், மூக்கு சரியா என்று பார்க்காது.

அந்த மூக்கு, அதாவது வாயுவை உணரும் சென்சார், ஒரு குட்டி மின்கலம். உள்ளே பிளாட்டினம் போன்ற வினையூக்கி பூசிய மின்முனைகள், அவற்றுக்கிடையே கொஞ்சம் கந்தக அமிலம். கார்பன் மோனாக்சைடு உள்ளே நுழைந்து மின்முனையைத் தொட்டதும் நீரோடு வினைபுரிந்து கார்பன் டைஆக்சைடாக மாறுகிறது. அப்போது எலக்ட்ரான்கள் விடுபடுகின்றன. எதிர்முனையில் காற்றின் ஆக்சிஜன் அவற்றை வாங்கி நீராகிறது. இடையில் ஓடும் மெல்லிய மின்னோட்டம் வாயுவின் அளவுக்கு ஏற்பக் கூடும், குறையும். பெட்டி அளப்பது அதைத்தான். விஷமே மின்சாரம் தயாரித்துத் தன்னைக் காட்டிக்கொடுக்கிறது. எனக்கு இதில் ஒரு அற்ப சந்தோஷம் உண்டு.

ஆனால் அமிலத்தின் ஈரம் வருஷக்கணக்கில் மாறிக்கொண்டே இருக்கும், வினையூக்கி சோர்ந்துபோகும். படகில் அடிக்கடி பூசும் சிலிக்கோன், பெயிண்ட், தின்னர் ஆவிகளும் மூக்கை அடைக்கும். அதனால்தான் 5 முதல் 10 வருஷம் என்று ஆயுள் குறித்துப் பின்னால் தேதி அச்சிடுகிறார்கள். பேட்டரி மாற்றினாலும் அந்தத் தேதி நகராது. ஆயுள் முடிந்ததும் பல பெட்டிகள் இடைவெளி விட்டுக் கீச்சிடும். பேட்டரி தீர்ந்தாலும் அதே மாதிரிதான் கீச்சிடும் என்பதால் ஆட்கள் பேட்டரியை மாற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிறார்கள்.

ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் ஸ்மோக்அவுஸ் பக்கத்தில் வளர்ந்த தலைமுறை எங்கள் மாமாவுடையது. விறகுப் புகை கண்ணைக் கரிக்கும், தொண்டை கமறும், ஆளை வெளியே துரத்திவிடும். கார்பன் மோனாக்சைடுக்கு அந்த நாகரிகம் கிடையாது. நிறமில்லை, மணமில்லை. எரிபொருள் போதுமான காற்றில்லாமல் அரைகுறையாக எரிந்தால் பிறக்கிறது. டீசலைவிடப் பெட்ரோல் எஞ்சின் புகையில் மிக அதிகம். இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். வெளிக்காற்றுக்கு வந்த பிறகும் ஏறியதில் பாதி இறங்கவே 4, 5 மணி நேரம் பிடிக்கும். முதலில் தலைவலி, குமட்டல், தள்ளாட்டம். அலையில் ஆடும் படகில் இதைக் கடல்மயக்கம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இல்லாவிட்டால் பீர்மேல் பழி போடுவார்கள்.

குளிர்நாட்டுக்காரன் அடுப்பு மூட்டிக்கொண்டு கதவைச் சாத்துகிறான், நமக்கென்ன என்பது மாமாவின் அடுத்த வாதம். நாமும் சாத்துகிறோமே! ஏர்கானுக்காக, கொசுவுக்காக, இராத்திரி மழைக்காக. வெளியே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கும். படகு முன்னே போகும்போது பின்புறம் அழுத்தம் குறைந்து, பின்னால் விட்ட புகையே திரும்பி உள்ளே இழுக்கப்படுவதும் உண்டு. 2013 ஏப்ரலில் இங்கிலாந்தின் விண்டர்மியர் ஏரியில் கேபினில் உறங்கிய ஒரு தாயும் மகளும் இறந்தார்கள். ஜெனரேட்டருக்குக் கைவேலையாகப் பொருத்திய புகைக்குழாய் கழன்று, புகை உள்ளே பரவியிருந்தது. அந்த நாட்டின் உள்நாட்டு நீர்வழிகளில், தங்குமிடம் உள்ள படகுகளுக்கான பாதுகாப்புத் திட்டம் 2019 ஏப்ரல் முதல் இந்த அலாரத்தைக் கட்டாயமாக்கியது.

வாங்கும்போது விலையைவிடப் பெட்டியில் அச்சிட்ட தர எண்ணைப் பார்ப்பது நல்லது. இஎன் 50291-2 என்பது படகுக்கும் கேரவனுக்கும் உள்ள ஐரோப்பியத் தரம். அதிர்வைத் தாங்குகிறதா என்றும் சோதித்திருப்பார்கள். 50291-1 என்று மட்டும் இருந்தால் அது வீட்டுக்கானது. அமெரிக்கப் பெட்டிகளில் யுஎல் 2034 என்றிருக்கும். அதிலும் கடல் உபயோகத்துக்கு ஏற்றது என்று குறிப்பிட்டதைத் தேட வேண்டும். எந்தத் தரமானாலும் வாயு பட்டவுடனே கத்தாது, அளவையும் நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடும். யுஎல் கணக்கில் பத்து லட்சம் பங்கு காற்றில் இந்த வாயு 70 பங்கு என்றால் 1 முதல் 4 மணி நேரத்துக்குள், 400 பங்கு என்றால் 4 முதல் 15 நிமிடத்துக்குள் கத்த வேண்டும். அதனால் அலாரம் அமைதியாக இருப்பதை வைத்துக் காற்று சுத்தம் என்று முடிவுகட்டக் கூடாது. படகின் மெயின் சுவிட்சோடு சேர்ந்து அணைந்துபோகும் வகையைவிட, சொந்தப் பேட்டரியை உள்ளேயே வைத்து மூடி வருவதே எனக்குப் பிடிக்கும்.

மாட்டும் இடத்தில் ஒரு பழைய குழப்பம் உண்டு. சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், படகின் அடித்தட்டில் போய்த் தேங்கும். அதன் டிடெக்டரைத் தாழ்வாக வைக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு காற்றைவிடச் சற்றே லேசு, எங்கும் கலந்து நிற்கும். ஆகவே படுத்திருப்பவரின் தலைமட்டத்துக்குப் பக்கத்தில், ஜன்னல் காற்று நேராக அடிக்காத இடத்தில் மாட்ட வேண்டும். தூங்கும் அறை ஒவ்வொன்றுக்கும் ஒன்று.

புதுப்பெட்டி வந்தது. மாட்டிய முதல் ராத்திரியே, படகுத்துறையில் கட்டியிருந்த போட்டில், எஞ்சினும் ஜெனரேட்டரும் ஓடாதபோது கத்தியது. நால்வரும் சாரத்தை இழுத்துக் கட்டிக்கொண்டு மேலே ஓடிவந்தார்கள். அது சரியான வேலை, காரணம் தேடுவது பிறகுதான். காலையில் பார்த்தால், மாமா கரையிலிருந்து இழுத்த கரண்டில் கேபின் பெஞ்சுக்கு அடியில் பழைய லெட்-ஆசிட் பேட்டரியைச் சார்ஜ் போட்டுவிட்டுப் படுத்திருக்கிறார். அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகும்போது அது ஹைட்ரஜனைக் கக்கும். இந்த மூக்குக்கு ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடு மாதிரியேதான் மணக்கும். மூடிய கேபினில் ஹைட்ரஜன் சேர்வதும் வெடிக்கிற சமாசாரம்தான் என்று சொன்னேன்.

மாமா பேட்டரியை வெளித்தட்டுக்கு மாற்றிவிட்டார். 2011 பெட்டியை மட்டும் தூக்கிப்போட மனமில்லை. வீட்டு அழைப்புமணிக்கு ஆகுமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.