கொம்பில்லாத மானைத்தான் சுடச் சொல்கிறார்கள், ஏன்?

பென்சில்வேனியாவில் வீட்டோடு சேர்த்துக் கொஞ்சம் காடும் வாங்கியிருக்கும் வாசகர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். இலையுதிர் காலம் வந்தால் வேட்டைக்காரர்கள் கதவைத் தட்டி அனுமதி கேட்கிறார்களாம். "நாலைந்து மானைச் சுட்டால் கூட்டம் குறைந்துவிடுமா? அதிலும் பெண் மானைச் சுடுங்கள் என்று அரசே சொல்கிறதே, இது அநியாயம் இல்லையா?" என்பது அவர் கேள்வி.

நியாயம், அநியாயத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் கணக்கு.

1900 வாக்கில் அமெரிக்கா முழுவதும் சேர்த்து வெள்வால் மான்கள் சில லட்சம்தான் மிஞ்சியிருந்தன. தோலுக்கும் கறிக்கும் கட்டுப்பாடில்லாமல் சுட்டுத் தீர்த்திருந்தார்கள். பென்சில்வேனியா 1906-இல் மிச்சிகனிலிருந்து மான்களை வரவழைத்து விட்டது. மறு வருடமே பெண் மானைச் சுடக் கூடாது என்று சட்டம் போட்டது. அந்த நாளைக்கு அது மிகச் சரியான சட்டம். ஓநாயும் பூமாவும் ஏற்கெனவே ஒழிந்துபோயிருந்தன, வயலிலும் வெட்டிய காட்டிலும் தளிர் ஏராளம். இன்று நாடு முழுக்கச் சுமார் 3 கோடி மான்கள். சாலை விபத்துகள், தின்று தீர்க்கப்படும் ஓக் நாற்றுகள், மான் மேல் ஏறிப் பரவும் உண்ணிகள் என்று விளைவுகளை வாசகர் தினமும் பார்க்கிறார்.

ஆண் மானைச் சுட்டால் ஏன் குறையாது? ஒரு காட்டில் 40 பெண் மான்கள், 20 ஆண் மான்கள் என்று வையுங்கள். ஆண்களில் 12-ஐச் சுட்டாலும் மிச்சம் எட்டு இருக்கிறது. ஓர் ஆண் மான் ஒரு பருவத்தில் பல பெண்களோடு சேரும். நவம்பரில் சினை பிடிக்காத பெண் மான் ஏறக்குறைய 28 நாளில் மறுபடி பருவத்துக்கு வரும். எனவே 40 பெண்களும் சினையாகிவிடும். அதே 12 தோட்டாவைப் பெண்கள் மேல் செலவழித்தால் அடுத்த மே, ஜூனில் பிறக்க வேண்டிய குட்டிகளில் இருபதுக்கும் மேல் பிறக்காது. நல்ல தீனி கிடைக்கும் இடத்தில் இரட்டைக் குட்டிதான் வழக்கம்.

இந்த இனம் எவ்வளவு வேகமாகப் பெருகும் என்பதற்கு மிச்சிகனில் ஓர் உதாரணம் உண்டு. ஜார்ஜ் என்ற செல்வந்தர் தன் சொந்த நிலம் ஆயிரத்துச் சொச்சம் ஏக்கரைச் சுற்றி வேலி போட்டு, 1928-இல் நான்கு பெண், இரண்டு ஆண் மான்களை உள்ளே விட்டார். ஆறு வருடத்துக்குள் ஆட்களை வரிசையாக நடக்கவிட்டு எண்ணியபோது 160 இருந்தன. 1930-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்த அந்த நிலம், பல பத்தாண்டுகள் மான் ஆய்வின் களமாக இருந்தது.

அங்கே தெளிவான இன்னொரு உண்மையும் உண்டு. மான்கள் நெருக்கிக்கொண்டு வாழும்போது தீனி பற்றாமல் உடல் மெலியும், குட்டிகள் பிழைப்பது குறையும். கூட்டத்தைக் குறைத்தால் மிஞ்சியவை கொழுக்கும், இரட்டைகள் கூடும், தீனி வளமான ஊர்களில் பிறந்து ஆறேழு மாதமே ஆன பெண் குட்டிகூடச் சினையாகும். கொஞ்சம் சுட்டுவிட்டு நிறுத்தினால் மான்கள் அதை வெகு சீக்கிரம் ஈடுகட்டிவிடும் என்பது இதனால்தான். கூட்டத்தை நிலையாக வைக்கவே வருடாவருடம் பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை எடுக்க வேண்டியிருக்கும் என்பது மான் மேலாண்மையில் பழகிய கணக்கு.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒரு தனி ஆள் தன் நிலத்தில் மானைக் குறைத்தால் பக்கத்துக் காட்டிலிருந்து வந்து நிரப்பிவிடாதா? ஆண் மான்களைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஒரு வயது ஆனதும் ஆண்களில் பெரும்பாலானவை தாயைவிட்டுப் பிரிந்து மைல்கணக்கில் போய்ப் புது இடத்தில் குடியேறும். பெண் குட்டி அப்படியில்லை. தாய் உலவும் இடத்தை ஒட்டியே, பாதி அதன் மேலேயே, தன் இடத்தை அமைத்துக்கொள்ளும். அதன் மகளும் அப்படியே. நடுவில் ஒரு கிழட்டுப் பாட்டி, சுற்றிலும் மகள்கள், அதற்கு வெளியே பேத்திகள் என்று தாய்வழிக் குடும்பம் மெதுவாக வெளிப்பக்கமாக விரியும். நியூயார்க் மாநிலத்தின் அடிராண்டாக் காடுகளில் மான்களுக்கு ரேடியோ பட்டை கட்டி வருடக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வாளர் வில்லியம் போர்ட்டரும் அவர் கூட்டாளிகளும் 1991-இல் இதற்கு ரோஜா இதழ் கருதுகோள் என்றே பெயர் வைத்தார்கள்.

இதிலிருந்து அவர்கள் ஒரு கணிப்பைத் துணிந்து சொன்னார்கள். ஒரு தாய்வழிக் குடும்பத்தையே மொத்தமாக எடுத்துவிட்டால், அந்த இடம் பல வருடம் காலியாக இருக்கும். பக்கத்துக் குடும்பத்துப் பெண்களுக்கு அங்கே தீனி இருப்பது தெரிந்தாலும், தாய் காட்டிக் கொடுத்த எல்லையைத் தாண்டிக் குடிவராது. அதே காட்டில் ஒரு குடும்பத்தை அகற்றிப் பார்த்தபோது அண்டைப் பெண்கள் தங்கள் இடத்திலேயே இருந்தன. துப்பாக்கி, வேலி, சட்டம் எதுவும் தடுக்கவில்லை, தாயிடம் கற்ற பழக்கம்தான் தடுத்தது! நடத்தை என்று நாம் லேசாகச் சொல்லும் ஒன்று நிலத்தின் மேல் எல்லைக்கோடாகவே விழுந்திருப்பதை நினைக்க நினைக்க எனக்கு ஆச்சரியம் அடங்கவில்லை.

எல்லா ஊரிலும் இது இப்படியே பலிக்கும் என்று நம்பிவிடக் கூடாது. அடிராண்டாக்கில் மான் அடர்த்தி குறைவு. மான்கள் மொய்க்கும் மற்ற காடுகளில் இதே முறையைச் சோதித்தபோது எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. அங்கே ஒருவர் மட்டும் சுட்டுப் பயனில்லை, பக்கத்து நிலக்காரர்களும் சேர வேண்டும்.

சிக்கல் அங்கேதான். அமெரிக்கச் சட்டப்படி நிலம் உரிமையாளருடையது, மான் மக்கள் அனைவருக்கும் பொது. உரிமம், பருவம், எண்ணிக்கை எல்லாம் மாநிலம் தீர்மானிக்கும். வாசலைத் திறப்பதா வேண்டாமா என்பது உரிமையாளர் கையில். ஒருவர் திறந்து, பக்கத்துக்காரர் பூட்டிவிட்டால், வேட்டை தொடங்கிய சில நாளிலேயே மான்கள் பூட்டிய பக்கம் ஒதுங்கிவிடும். பென்சில்வேனியா 2003-இல் கொண்டுவந்த திட்டத்தில், ஒரு குறிப்பிட்ட நிலத்தில் மட்டும் செல்லும் கூடுதல் பெண் மான் அனுமதிச் சீட்டுகளுக்கான கூப்பன்களை உரிமையாளரே பெற்று வேட்டைக்காரர்களுக்குக் கொடுக்கலாம். வீடுகள் நெருங்கிய இடத்தில் துப்பாக்கிக்கு 150 கஜம் விலக வேண்டும், அம்புக்கு 50 கஜம் போதும். புறநகர்களில் மரத்தின் மேல் உட்கார்ந்து அம்பெய்பவர்களைப் பார்ப்பது அதனால்தான்.

இப்போது அநியாயம் என்ற வார்த்தைக்கு வருகிறேன். 1907 சட்டம் இரண்டு மூன்று தலைமுறை வேட்டைக்காரர்கள் மனதில் "பெண் மானைச் சுடுவது பாவம்" என்று ஊறிவிட்டது. 1999 முதல் 2004 வரை அந்த மாநில மான் திட்டத்துக்குத் தலைமை தாங்கிய உயிரியலாளர் கேரி ஆல்ட் ஊர் ஊராகப் போய் இந்தக் கணக்கை விளக்கியதற்குக் கிடைத்தது கொலை மிரட்டல். விஸ்கான்சினில் ஒரு பெண் மானைச் சுட்ட பிறகே கொம்புள்ளதைச் சுடலாம் என்று ஒரு விதி இருந்தது. பலன் தந்தும், எதிர்ப்பு வலுத்து 2011-இல் அதை எடுத்துவிட்டார்கள். பஞ்ச காலத்து விதியை வளமான காலத்தில் புனிதமாக்கினால் அதன் பாரம் காட்டின் தலையில்தான் விழுகிறது. பட்டினியில் மெலிந்து குளிர்காலத்தில் சாகும் குட்டிகளைக் கணக்கில் சேர்க்காத இரக்கத்தை என்னால் இரக்கம் என்று ஒப்புக்கொள்ள முடியவில்லை.

இதையெல்லாம் நாம் தெரிந்துகொள்ள முடிந்ததற்கு 1937-இல் வந்த ஒரு சட்டமும் காரணம். நீள்துப்பாக்கி, தோட்டா விற்பனையில் 11 சதவீத வரி வனவிலங்குப் பணிக்கென்றே மாநிலங்களுக்குப் போகிறது, ஆட்சி மாறினாலும் நிற்காது. மான் ஆய்வுக்குப் பாட்டி, மகள், பேத்தி மூன்று தலைமுறையாவது வேண்டும். மூன்று வருடத் திட்டங்களுக்குப் பணம் கொடுத்துவிட்டு முடிவை எதிர்பார்க்கும் நம் நிதி அமைப்புகள் இதைக் கவனிக்க வேண்டும்.

வாசகருக்கு ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் காட்டில் இடுப்புயரச் செடியின் குச்சி நுனியைப் பாருங்கள். மானுக்கு மேல்தாடையில் முன்பல் இல்லை. கீழ்ப்பல்லால் ஈறோடு அழுத்திப் பிய்க்கும், நுனி நார் நாராகக் கிழிந்திருக்கும். முயல் கடித்திருந்தால் சாய்வாக, சுத்தமாக வெட்டுப்பட்டிருக்கும். பிய்ந்த நுனிகள் வருடத்துக்கு வருடம் குறைகின்றனவா என்று எண்ணுங்கள், சுட்ட மான்களின் வயதையும் எடையையும் வேட்டைக்காரரிடம் கேட்டு எழுதி வையுங்கள். மூன்றாம் நான்காம் வருடத்தில் எடை கூடத் தொடங்கும். அப்போது அனுமதியைக் குறைத்துவிடாதீர்கள், எடை கூடிய பெண் மான்தான் இரட்டைக் குட்டி போடும்.