ஒரு மாத்திரை, ஒரு கிராம் வாயு: கிடங்குப் புகையூட்டமும் உரிமம் பெற்றவரின் பொறுப்பும்

அரிசி மண்டி, பருப்பு மில், அரசுக் கிடங்கு என எங்கே வண்டு பிடித்தாலும் கடைசியில் கைக்கு வருவது அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைதான். ‘செல்பாஸ்’ என்ற வணிகப் பெயரே பல ஊர்களில் அதற்குப் பொதுப்பெயராகிவிட்டது. மூட்டையைப் பிரிக்காமல், தானியத்தை நனைக்காமல், அரிசிமணிக்குள் ஒளிந்திருக்கும் புழு வரை சென்று கொல்ல இதைவிட மலிவான வழி இன்று இல்லை. அப்படி எங்கும் நுழையும் வாயு மனிதரிடமும் அப்படியே நுழையும். அதனால் இந்திய அரசு இதைக் கட்டுப்படுத்தப்பட்ட பூச்சிக்கொல்லிகளின் வரிசையில் வைத்திருக்கிறது. அரசுத் துறைகள், அரசு நிறுவனங்கள், உரிமம் பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டு நிறுவனங்கள் ஆகியவை மட்டுமே, அரசு வல்லுநர்கள் அல்லது மத்திய அரசின் பயிர்ப் பாதுகாப்பு ஆலோசகர் ஏற்ற வல்லுநர்களின் கண்டிப்பான மேற்பார்வையில் பயன்படுத்தலாம். 3 கிராம் மாத்திரைகள் 10, 20 அடங்கிய குழாய்ப் பொதிகளுக்கு முழுத் தடையே இருக்கிறது.

மாத்திரையில் 56 சதவீதம் அலுமினியம் பாஸ்பைடு. காற்றின் ஈரம் பட்டதும் அது சிதைந்து பாஸ்பீன் வாயுவை விடுகிறது. சாம்பல் மாதிரி மிஞ்சுவது அலுமினியம் ஹைட்ராக்சைடு. கூடவே சேர்க்கப்படும் அமோனியம் கார்பமேட் பாதுகாப்புக்கானது. அதிலிருந்து வரும் அமோனியா நெடியால் எச்சரிக்கும். அமோனியாவும் கரியமில வாயுவும் சேர்ந்து பாஸ்பீன் தீப்பற்றும் வாய்ப்பைக் குறைக்கும். 3 கிராம் மாத்திரை ஒன்று முழுதாகச் சிதைந்தால் 1 கிராம் பாஸ்பீன் கிடைக்கும். இந்த ஒரு கணக்குப் பிடிபட்டால் விதிகளின் கடுமை தானே புரியும்.

கிடங்கில் மூட்டை அட்டிக்கு மேல் விரிப்புப் போட்டு, வாயுவை உள்ளே அடைத்துச் செய்யும் புகையூட்டத்துக்கு வழக்கமான அளவு டன்னுக்கு 3 மாத்திரை. 100 டன் அட்டிக்கு 300 மாத்திரை, அதாவது 300 கிராம் பாஸ்பீன். விரிப்புக்குள் இருக்கும் கொள்ளளவு சுமார் 150 கன மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கன மீட்டருக்கு 2 கிராம் வருகிறது. தானியம் உறிஞ்சுவதையும் கசிவதையும் கழிக்காமல் பார்த்தால் ஏறத்தாழ 1,400 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 1,400 பங்கு வாயு. மனிதர் 8 மணி நேரம் வேலை செய்யும் இடத்துக்கு நெடுங்காலமாகப் பின்பற்றப்பட்டுவரும் வரம்பு 0.3 பிபிஎம். 50 பிபிஎம் என்பது உயிருக்கு உடனடி ஆபத்து என்று வகுக்கப்பட்ட அளவு. 1,400க்கும் 0.3க்கும் நடுவே நிற்பது ஒரு பிளாஸ்டிக் விரிப்பும், அதன் ஓரத்தைத் தரையோடு அழுத்தும் மணல் பைகளும்தான்.

வீட்டுக் கணக்கு இன்னும் அச்சம் தருவது. பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரமுள்ள மூடிய அறையின் கொள்ளளவு 28 கன மீட்டர். அதில் ஒரே ஒரு மாத்திரை முழுதாகச் சிதைந்தால் சுமார் 25 பிபிஎம் வரும்; வேலை வரம்பைப்போல் 80 மடங்குக்கு மேல். ஆட்கள் குடியிருக்கும் வீட்டில் மூட்டைப்பூச்சிக்கோ எலிக்கோ இதை வைக்க எந்தச் சமாதானமும் கிடையாது.

மருந்தைத் திறந்ததும் வாயு பாய்ந்துவிடாது. நம்மூர் வெப்பத்தில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை மெல்ல வந்து, பிறகு வேகமெடுக்கும். காற்றில் ஈரம் மிகுந்த ஐப்பசி, கார்த்திகையில் இந்த அவகாசம் சுருங்கும். ஆகவே அட்டியை அளப்பது, விரிப்பைப் போர்த்துவது, கிழிசலை ஒட்டுவது, மூன்று பக்கம் மணல் பை வைப்பது எல்லாம் குப்பியைத் திறக்கும் முன்பே முடிய வேண்டும். திறந்த பிறகு செய்ய வேண்டியவை மூன்றுதான்: மாத்திரைகளைத் தட்டில் பரப்புவது, உள்ளே தள்ளுவது, நான்காவது பக்கத்தை அடைப்பது. குப்பியை வெளிக்காற்றில், முகத்தைத் திருப்பிக்கொண்டு திறக்க வேண்டும். மூடிக்கடியில் சேர்ந்திருக்கும் வாயு சில நேரம் பளிச்சென்று பற்றும். மாத்திரைகள் ஒன்றன்மேல் ஒன்று குவியக் கூடாது. குவிந்தால் சூடும் வாயுவும் ஒரே இடத்தில் சேரும். மேலே ஒழுகும் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டினால் தானாகவே தீப்பிடிக்கும்.

கையுறை விஷயத்தில் அனுபவசாலிகளும் தவறுகிறார்கள். வயலில் தெளிக்கும் மருந்துகளுக்கு ரப்பர் கையுறை சரி. இங்கே உலர்ந்த பருத்திக் கையுறைதான் வேண்டும். ரப்பருக்குள் கை வியர்க்கும், வியர்வையின் ஈரம் மாத்திரைத் தூளோடு சேர்ந்தால் கையுறைக்குள்ளேயே பாஸ்பீன் உண்டாகும். முகத்துக்குத் துணி, என்95 என்று எதைக் கட்டினாலும் பயனில்லை. அவை தூசியைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. பாஸ்பீனுக்கென்று குறிக்கப்பட்ட வடிகலன் பொருத்திய முழுமுக முகமூடி 15 பிபிஎம் வரைதான் செல்லும். அதற்கு மேலோ, அளவே தெரியாத இடத்திலோ காற்று உருளையைச் சுமக்கும் சுவாசக் கருவி தேவை. உள்ளே தனியாக யாரும் போகக் கூடாது, இரண்டு பேராவது இருக்க வேண்டும்.

வாசனையை நம்புவதும் ஆபத்து. பூண்டு, கார்பைடு, அழுகிய மீன் என்று பலவிதமாகச் சொல்லப்படும் அந்த நெடி பெரும்பாலும் வாயுவோடு வரும் கலப்புகளுடையது. தானியம் அந்தக் கலப்புகளை உறிஞ்சிவிட்டால் நெடி போய்விடும், பாஸ்பீன் மட்டும் நிற்கும். நெடி அடிக்கவில்லை என்பது பாதுகாப்புக்குச் சான்று ஆகாது. மின்னணு மானியோ, நிறம் மாறும் கண்டறி குழாயோ காட்டும் எண்தான் சான்று. விரிப்பின் ஓரங்களில் மட்டும் சோதித்தால் போதாது. பக்கத்துக் கடைச் சுவரின் விரிசல், மின்கம்பிக் குழாய், வடிகால் துளை ஆகியவை வழியாகவும் வாயு போகும். கடைத்தெருக் கிடங்கும் குடியிருப்பும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் நம் ஊர்களில் அந்தச் சுவருக்கு அப்பால் யார் தூங்குகிறார் என்று கேட்காமல் மாத்திரையைத் திறப்பது குற்றத்துக்கு நிகர். இன்னொன்று: பாஸ்பீன் செம்பையும் வெள்ளியையும் அரிக்கும். மின்னணுத் தராசு, கணினி, கைபேசி, குளிர்சாதனப் பெட்டியின் பலகை எல்லாம் முன்கூட்டியே வெளியேற வேண்டும்.

விரிப்பை ஏழு நாள் பிரிக்காமல் வைப்பது ஏன் என்ற கேள்விக்கு விடை பூச்சியின் உடலில் இருக்கிறது. உயிரணுக்களின் மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்ஸிஜனைக் கொண்டு ஆற்றல் உண்டாக்கும் தொடரை பாஸ்பீன் குலைக்கிறது. சுறுசுறுப்பாக மூச்சுவிடும் வண்டும் புழுவும் விரைவில் சாகும். முட்டையும் கூட்டுப்புழுவும் மெல்லச் சுவாசிப்பதால் தாக்குப்பிடிக்கும். அவை அடுத்த நிலைக்கு வளர்ந்து மாட்டும் வரை வாயு நிற்க வேண்டும். மாத்திரையை இரட்டிப்பாக்கி நாளைப் பாதியாக்க முடியாது. செறிவு மிகுந்தால் வண்டு மயக்கத்தில் ஆழ்ந்து வாயுவை உள்ளே வாங்குவதையே குறைத்துக்கொள்ளும். கிழிந்த விரிப்பு, அவசரமாக நாலாம் நாளே பிரிப்பது போன்ற அரைகுறை வேலைகளில் தப்பிப் பிழைப்பவை எதிர்ப்புத்திறன் கொண்டவை. சிவப்பு மாவு வண்டிலும் தானியத் துளைப்பானிலும் கடும் எதிர்ப்புக்குக் காரணமான ஒரு மரபணு 2012இல் அடையாளம் காணப்பட்டது. டைஹைட்ரோலிப்போஅமைடு டிஹைட்ரோஜினேஸ் என்ற நொதிக்கான மரபணு அது.

பிரிக்கும் நாளில்தான் விபத்து அதிகம் காத்திருக்கிறது. முகமூடியோடு முதலில் எதிரெதிர் மூலைகளை மட்டும் தூக்கிவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். கதவு, சன்னல் திறந்து ஒரு நாளாவது காற்றாட விட்டு, மானியில் 0.3 பிபிஎம்முக்குக் கீழே வந்த பிறகே எச்சரிக்கைப் பலகையை எடுக்கலாம். மிஞ்சிய சாம்பலில் சிதையாத மருந்து சில சதவீதம் இருக்கும். அதைக் குப்பையில் கொட்டுவதோ சாக்கில் கட்டி வைப்பதோ கூடாது. திறந்தவெளியில் டிரம்மில் நிறையத் தண்ணீர் வைத்து, 2 சதவீதம் சலவைத்தூள் கலந்து, முகமூடியுடன் சாம்பலைச் சிறிது சிறிதாகத் தண்ணீருக்குள் போட்டுக் கிளற வேண்டும். டிரம்மை மூடக் கூடாது. சாம்பலின் மேல் தண்ணீர் ஊற்றுவது தலைகீழான முறை. கொஞ்சம் நீர், நிறைய மருந்து என்றால் வாயு ஒரேயடியாகக் கிளம்பும்.

அப்படி நடந்தும் இருக்கிறது. 2017 ஜனவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் அமரில்லோவில், உரிமமில்லாத ஒருவர் தம் வீட்டுக்கடியில் இந்த மருந்தைப் போட்டார். பிறகு நெடி தாங்காமல் தண்ணீர் விட்டுக் கழுவ முயன்றார். அவருடைய 4 குழந்தைகள் இறந்தனர். உரிமம் இருந்தும் நடந்த துயரம் 2010இல் யூட்டா மாநிலம் லேட்டனில்: எலிவளைகளில் வைத்த மாத்திரையின் வாயு பக்கத்து வீட்டுக்குள் புகுந்து இரண்டு சிறுமிகளைக் கொன்றது. அதே ஆண்டில் அந்நாட்டின் சுற்றுச்சூழல் முகமை குடியிருப்புப் பகுதிகளில் இதன் பயன்பாட்டையே தடுத்தது. இங்கே, 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், பூச்சிக்கட்டுப்பாட்டு ஊழியர்கள் வீட்டுக்குள் எலி மருந்து வைத்துச் சென்ற பின் ஏசி அறையில் தூங்கிய குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இறந்தன. ஸ்பிளிட் ஏசி அறைக் காற்றையே திரும்பத் திரும்பச் சுழற்றுகிறது, வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. உள்ளே நச்சுவாயு இருந்தால் அது வெளியேற வழியில்லை.

நம் சட்டமே ஒரு பெருந்துயரத்தின் பின் வந்ததுதான். 1958இல் கேரளத்திலும் அன்றைய சென்னை மாநிலத்திலும் பாரத்தியான் என்ற பூச்சிக்கொல்லி கலந்த கோதுமை மாவை உண்டு நூறு பேருக்கு மேல் இறந்தனர். விசாரணைகளின் முடிவில் பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968 வந்தது. பூச்சிக்கொல்லி விதிகள் 1971இல் வந்தன. சொந்த வீட்டிலோ நிலத்திலோ தானே பயன்படுத்துபவருக்குச் சட்டத்தின் 38ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. காசு வாங்கிக்கொண்டு பிறர் இடத்தில் மருந்தடிப்பவருக்கு அந்த விலக்கு இல்லை. அவருக்கு உரிமம் வேண்டும். நிறுவனத்தில் வேளாண்மைப் பட்டதாரியோ, வேதியியலை ஒரு பாடமாகப் படித்த அறிவியல் பட்டதாரியோ இருக்க வேண்டும். அவர் மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வகம், ஹாப்பூர் தானியச் சேமிப்பு நிறுவனம், ஹைதராபாத் பயிர்ப் பாதுகாப்புப் பயிற்சி நிறுவனம் போன்ற இடத்தில் குறைந்தது 15 நாள் பயிற்சிச் சான்று பெற்றிருக்க வேண்டும். புகையூட்ட மருந்துகளைத் தொட, மத்திய அரசின் பயிர்ப் பாதுகாப்பு ஆலோசகரின் அனுமதி தனியாகத் தேவை.

உரிமத்தோடு வரும் கடமைகளைப் பலர் படிப்பதே இல்லை. விதி 37இன்படி தொழிலாளர்களுக்கு வேலையில் சேரும் முன்பும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறையும் மருத்துவப் பரிசோதனை. பாதுகாப்பு உடை, சுவாசக் கருவி, முதலுதவி மருந்து, பயிற்சி எல்லாம் 38 முதல் 42 வரையுள்ள விதிகளில் முதலாளியின் கடமையாக எழுதப்பட்டிருக்கின்றன. ‘கையுறை கொடுத்தோம், அவன்தான் போடவில்லை’ என்பது கைகழுவும் பேச்சு. காலிக் குப்பிகளை உடைத்து, குடியிருப்புக்கு அப்பால் புதைப்பது விதி 44. இந்த விதி எதற்கு என்று கேட்பவர்கள் 2013 ஜூலையில் பீகாரின் சாரண் மாவட்டத்தில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் இறந்ததை நினைத்துப் பார்க்கட்டும். பூச்சிக்கொல்லி இருந்த பழைய கலத்தில் வைத்ததாகச் சொல்லப்பட்ட சமையல் எண்ணெயில் இருந்தது மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லி. அலட்சியத்தால் உயிர் போனால் பூச்சிக்கொல்லிச் சட்டத்தோடு தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவும் சேரும். 5 ஆண்டு வரை சிறை.

பாஸ்பீனின் நஞ்சை முறிக்கும் மருந்து கிடையாது. தலைவலி, குமட்டல், வாந்தி, நெஞ்சு இறுக்கம் என்று தொடங்குவதால் உணவு நஞ்சு என்று நினைத்து வீட்டிலேயே படுத்துவிடுகிறார்கள். பக்கத்தில் புகையூட்டம் நடந்த வாரத்தில் ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு இப்படி வந்தால் உடனே வெளிக்காற்றுக்கு வந்து, மருத்துவமனைக்குப் போய், மருந்தின் பெயரைச் சொல்ல வேண்டும். அந்தப் பெயர் தெரிய வேண்டுமானால் கிடங்கு வாசலில் தமிழில் பலகை இருக்க வேண்டும்: மண்டையோட்டுக் குறி, மருந்தின் பெயர், தொடங்கிய தேதி, பிரிக்கும் தேதி, பொறுப்பாளரின் பெயர், இரவிலும் எடுக்கப்படும் தொலைபேசி எண். கிடங்கு உரிமையாளர் உரிமத்தின் நகல், புகையூட்ட அனுமதி, திறந்த மாத்திரைகளின் கணக்கு, பிரித்த நாளின் மானி அளவு ஆகிய நான்கையும் எழுத்தில் வாங்கிய பிறகே மூட்டையை வெளியே எடுக்கலாம்.