பேக்கப் கோப்புறையை வெளியார் ஏன் திறக்க முடிகிறது?

2016ஆம் ஆண்டு அக்டோபரில், ஆஸ்திரேலியச் செஞ்சிலுவைச் சங்கத்தின் இரத்தச் சேவைக்குத் தங்கள் விவரங்களைக் கொடுத்திருந்த சுமார் 5,50,000 பேரின் தகவல்கள் பொதுவெளியில் கிடப்பது தெரியவந்தது. பெயர், முகவரி, தொலைபேசி எண், பிறந்த தேதி ஆகியவற்றுடன், இரத்தம் கொடுக்கத் தகுதி உண்டா என்று அறிவதற்காகக் கேட்கப்பட்ட அந்தரங்கமான கேள்விகளுக்கு அவர்கள் அளித்த பதில்களும் அதில் இருந்தன. எவரும் கடவுச்சொல்லை உடைக்கவில்லை. சர்வருக்குள் நுழையவும் இல்லை. இணையதளப் பணிகளைக் கவனித்துவந்த வெளி நிறுவனம் ஒன்றின் ஊழியர், தரவுத்தளத்தின் காப்புப் பிரதியை 1.74 ஜிபி அளவுள்ள ஒரே கோப்பாக, வெளியுலகுக்குத் திறந்திருந்த ஒரு சர்வரில் செப்டம்பர் 5 அன்று வைத்திருந்தார். இணையத்தில் ஒவ்வொரு கணினிக்கும் உள்ள எண்களான ஐபி முகவரிகளை வரிசையாகத் துழாவி, கோப்புப் பட்டியலைக் காட்டும் சர்வர்களில், தரவுத்தள நகல்களின் பெயரில் வழக்கமாக வரும் ‘எஸ்க்யூஎல்’ என்று முடியும் கோப்புகளைத் தேடிக்கொண்டிருந்த ஒருவரின் கண்ணில் அது பட்டது. அவர் பாதுகாப்பு ஆய்வாளர் டிராய் ஹன்ட்டிடம் சொன்னார். ஹன்ட் ஆஸ்திரேலியாவின் கணினி அவசர உதவிக் குழுவான ஆஸ்செர்ட்டுக்குத் தெரிவித்தார். அதன் பிறகே கோப்பு அகற்றப்பட்டது.

இது எப்படி நேர்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, வெப் சர்வர் செய்யும் வேலையைப் பார்க்க வேண்டும். அப்பாச்சி, இன்ஜின்எக்ஸ் போன்ற மென்பொருள்கள் கணினியில் உள்ள ஒரு குறிப்பிட்ட கோப்புறையைத் தளத்தின் வேர்க் கோப்புறையாகக் கொள்கின்றன. பல தளங்கள் ஒரே சர்வரைப் பகிர்ந்துகொள்ளும் பகிர்வு ஹோஸ்டிங்கில் அதற்குப் பெரும்பாலும் ‘பப்ளிக் எச்டிஎம்எல்’ என்று பெயர். உலாவியில் தளத்தின் பெயருக்குப் பின்னால் எந்தப் பாதையைத் தட்டினாலும், சர்வர் அதை அந்த வேர்க் கோப்புறையின் பாதையோடு ஒட்டிப் பார்த்து, அங்கே கோப்பு இருந்தால் எடுத்துக் கொடுத்துவிடுகிறது. அந்தக் கோப்புக்குத் தளத்தின் எந்தப் பக்கத்திலாவது இணைப்பு உண்டா, அது வாசகருக்கானதா, நிர்வாகிக்கானதா என்ற கேள்விகள் எதுவும் அதற்கு இல்லை. தடுக்கும்படி யாரும் சொல்லாதவரை, வேர்க் கோப்புறைக்குக் கீழே இருப்பதெல்லாம் வெளியிடப்பட்டதாகவே பொருள். ஆகவே அதனுள் ‘பேக்கப்’ என்றொரு கோப்புறையை உருவாக்கி ஜிப் கோப்பைப் போட்டுவைப்பவர், தாம் அறியாமலே அதை வெளியிட்டுவிடுகிறார்.

அந்த ஜிப்புக்குள் இருப்பவை தளத்தில் காணும் பக்கங்களும் படங்களும் மட்டும் அல்ல. தளங்களை உருவாக்க உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் இயங்கும் தளம் ஒன்றின் முழுக் காப்புப் பிரதியில் ‘டபிள்யூபி-கான்ஃபிக்’ என்ற பிஎச்பி கோப்பு இருக்கும்; தரவுத்தளத்தின் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல், உள்நுழைவுக் குக்கிகளைக் காக்கும் இரகசியச் சாவிகள் ஆகியவை அதில் வெறும் எழுத்துகளாகவே எழுதப்பட்டுள்ளன. தளம் இயங்கும்போது இந்தக் கோப்பை உலாவியில் கேட்டாலும் ஒன்றும் வராது. ஏனெனில் பிஎச்பி என்று முடியும் கோப்பை சர்வர் அப்படியே அனுப்பாமல் பிஎச்பி மொழி நிரல்களை இயக்கும் இயந்திரத்திடம் கொடுத்து, அது இயங்கிய பின் கிடைக்கும் வெளியீட்டை மட்டுமே அனுப்புகிறது. அதே கோப்பைத் திருத்துவதற்கு முன் ஒருவர் அதன் பெயருக்குப் பின்னால் ‘டாட் பேக்’ அல்லது ‘டாட் ஓல்ட்’ என்று சேர்த்து ஒரு நகல் எடுத்துவைத்தால், வழக்கமான அமைப்புகளில் சர்வர் அதைச் சாதாரண எழுத்துக் கோப்பாகவே கருதி, கடவுச்சொல் உட்பட முழுவதையும் கேட்டவருக்குக் காட்டிவிடும். பெரிய ஜிப்பைப் பற்றிக் கவலைப்படுபவர்கள்கூட இந்தச் சிறிய நகல்களை மறந்துவிடுகிறார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

“என் தளத்தில் அப்படியொரு கோப்புறை இருப்பது யாருக்குத் தெரியும்?” என்பது அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. எவருக்கும் முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வரும் கோரிக்கைகளை சர்வர் குறித்துவைக்கும் அணுகல் பதிவை எந்தத் தளத்திலும் திறந்து பாருங்கள்: ‘பேக்கப் டாட் ஜிப்’, ‘டிபி டாட் எஸ்க்யூஎல்’, தளத்தின் பெயரோடு ‘டார் ஜிஇசட்’ சேர்ந்த கோப்பு என்று, இல்லாத கோப்புகளைக் கேட்டு வந்த வரிகள் அடுத்தடுத்து நிற்கும். தானியங்கி நிரல்கள் பொதுவான பெயர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு தளம் தளமாகத் தட்டிப் பார்க்கின்றன. ஒரு துணைத்தளத்தை இரகசியமாகத் தொடங்கினாலும், அதற்குத் தனியே, பாதுகாப்பான இணைப்புக்கான டிஎல்எஸ் சான்றிதழ் பெற்றதும் அதன் பெயர் எவரும் படிக்கக்கூடிய சான்றிதழ்ப் பதிவேடுகளில் ஏறிவிடுகிறது. அந்தப் பதிவேடுகளைக் கவனித்துக்கொண்டிருக்கும் நிரல்கள் உடனே வந்து சேர்கின்றன. கோப்பின் பெயரில் தேதியைச் சேர்ப்பதும் உதவாது. ஓர் ஆண்டுக்கு 365 பெயர்களை முயன்று பார்ப்பது கணினிக்கு நொடிகளில் முடியும் வேலை. 16 குறிகளில் இருந்து தற்போக்காக எடுத்த 12 எழுத்துகளைப் பெயரில் சேர்த்தால் ஏறத்தாழ 281 லட்சம் கோடி வாய்ப்புகள் உண்டாகும். அதை ஊகிக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் கோப்புப் பட்டியல் திறந்திருந்தால் ஊகிக்கவே தேவையில்லை. ஒரு கோப்புறையில் முகப்புக் கோப்பு இல்லாதபோது, அப்பாச்சி அதிலுள்ள எல்லாக் கோப்புகளின் பெயர், அளவு, கடைசியாக மாற்றிய நேரம் ஆகியவற்றை ‘இண்டெக்ஸ் ஆஃப்’ என்ற தலைப்பில் தானே பட்டியலிடும். அந்தத் தலைப்பைத் தேடுபொறியில் தட்டியே இத்தகைய கோப்புறைகளைக் கண்டெடுக்கிறார்கள்.

இதற்கு ‘ரோபோட்ஸ்’ கோப்பில் தடை எழுதுவதைச் சிலர் தீர்வாக நினைக்கிறார்கள். 1994இல் தொடங்கிய அந்த வழக்கம், தேடுபொறிகளுக்கு விடுக்கும் வேண்டுகோள் மட்டுமே. அதற்குக் கட்டுப்படாத நிரலை அது தடுக்காது. அந்தக் கோப்பை யாரும் படிக்கலாம் என்பதால், ‘இந்தக் கோப்புறைக்குள் போகாதே’ என்று அதில் எழுதுவது அந்தக் கோப்புறை எங்கே இருக்கிறது என்று நாமே அறிவிப்பதாகிவிடும். வெறுமையான முகப்புக் கோப்பு ஒன்றைப் போட்டுவைப்பதும் பட்டியலை மறைக்குமே தவிர, பெயர் தெரிந்தவர் கோப்பைப் பதிவிறக்குவதைத் தடுக்காது.

உண்மையான தடை சர்வரின் விதியில் இருக்க வேண்டும். அப்பாச்சியில், காப்புக் கோப்புறைக்குள் ‘டாட் எச்டிஆக்சஸ்’ என்ற சிறு கோப்பை வைத்து, அதில் ‘ரிக்வயர் ஆல் டினைடு’ என்ற ஒரே வரியை எழுதினால், அந்தக் கோப்புறைக்கு வரும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் 403 என்ற மறுப்பு போகும். இது 2.4 பதிப்பு முதல் உள்ள முறை. காப்புப் பிரதி எடுப்பதற்காகத் தளத்தில் சேர்க்கும் துணை நிரல்களான செருகுநிரல்கள் பலவும் இந்தக் கோப்பைத் தாமே உருவாக்கிவிடுகின்றன. அதனால்தான் பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அந்த நிம்மதி எப்போதும் பொருந்தாது. இன்ஜின்எக்ஸ் இந்தக் கோப்பைப் படிப்பதே இல்லை. அதில் இதற்கான விதியைச் சர்வரின் முதன்மை அமைப்புக் கோப்பில்தான் எழுத வேண்டும். அப்பாச்சியிலும் ‘அலவ் ஓவர்ரைடு’ என்ற அமைப்பு ‘நன்’ என்றிருந்தால் கோப்புறைக்குள் இருக்கும் விதிகள் மதிக்கப்படமாட்டா. நிர்வாகி மாற்றாதவரை புதிய பதிப்புகளில் அதுவே இயல்பு நிலை. ஆக, தளத்தை ஒரு ஹோஸ்டிங்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது, தடைக்கோப்பு கூடவே வந்திருக்கும். தடை மட்டும் வந்திருக்காது.

கோப்பு அனுமதிகளும் ஓரளவு உதவும். காப்புப் பிரதிக்கு 600 என்ற அனுமதி கொடுத்தால் அதன் உரிமையாளர் மட்டுமே படிக்க முடியும். வெப் சர்வர் வேறொரு பயனரின் பெயரில் இயங்கினால் அதனால் கோப்பைத் திறக்க இயலாது. ஆயினும் பகிர்வு ஹோஸ்டிங்கில் பிஎச்பி பெரும்பாலும் தள உரிமையாளரின் பெயரிலேயே இயங்குவதால், தளத்தின் ஏதோவொரு செருகுநிரலில் உள்ள ஓட்டை வழியாக நுழைந்த தீங்கு நிரல் அதே கோப்பைப் படிக்கலாம், அழிக்கவும் செய்யலாம்.

என் கருத்தில், பூட்டை வலுப்படுத்துவது இரண்டாவது வேலை; கோப்பை அங்கிருந்து எடுப்பதே முதல் வேலை. வேர்க் கோப்புறைக்கு ஒரு படி மேலே, அதாவது ‘பப்ளிக் எச்டிஎம்எல்’ இருக்கும் அதே இடத்தில், அதற்கு வெளியே காப்புக் கோப்புறையை வைத்தால், அதைச் சுட்டும் முகவரியே உருவாகாது. விதி எழுத மறந்தாலும், சர்வர் மென்பொருள் மாறினாலும் அந்த நிலை மாறாது. பிறகு அந்தப் பிரதியை வேறொரு கணினிக்கோ மேகச் சேமிப்புக்கோ நகர்த்தி, சர்வரில் உள்ளதை நீக்கிவிட வேண்டும். மேகச் சேமிப்பும் தானாகவே பாதுகாப்பானது அல்ல: அமேசானின் எஸ்3 சேவை, புதிதாக உருவாக்கும் எல்லாத் தொகுப்புகளுக்கும் பொது அணுகலை இயல்பாகவே முடக்கத் தொடங்கியது 2023 ஏப்ரலில்தான், அதற்கு முன் உருவாக்கியவற்றை நாம்தான் சரிபார்க்க வேண்டும். வெளியே அனுப்புவதற்கு முன் ஜிபிஜி போன்ற கருவியால் குறியாக்கம் செய்யலாம். இதில் சர்வரிடம் பொதுச் சாவி மட்டும் இருந்தால் போதும். பூட்ட அது போதுமானது, திறக்கும் தனிச் சாவி நம்மிடம் வேறிடத்தில் இருக்கும். அப்போது சர்வர் முழுவதுமாகக் களவுபோனாலும், பழைய காப்புப் பிரதிகளை எடுத்தவரால் படிக்க முடியாது.

எதைச் செய்தாலும் வெளியிலிருந்து சோதித்துப் பார்க்காமல் விடக்கூடாது. நிர்வாகியாக உள்நுழையாத உலாவியில், அல்லது முகவரியிலிருந்து கோப்பைக் கேட்டு வாங்கும் ‘கர்ல்’ கட்டளையால், கோப்புறையின் முகவரியை மட்டுமல்லாமல் உள்ளே உண்மையாக இருக்கும் ஒரு கோப்பின் முழு முகவரியையும் கேட்க வேண்டும். கோப்புறைக்கு 403 தந்துவிட்டுக் கோப்புக்கு 200 என்ற வெற்றிக் குறியீட்டைத் தரும் சர்வர்கள் உண்டு. பட்டியலை மட்டும் முடக்கியிருந்தால் அப்படித்தான் நடக்கும். தளத்தின் பெயருக்குப் பதிலாக சர்வரின் ஐபி முகவரியை இட்டும் ஒருமுறை கேளுங்கள். பெயருக்கு எழுதிய விதிகள் அந்த வழியில் இல்லாமல் போயிருக்கலாம். இடையில் சிடிஎன், அதாவது தளத்தின் நகல்களைப் பல இடங்களில் வைத்து வழங்கும் சேவை, இருந்தால், மூல சர்வரில் நீக்கிய கோப்பை அது தன் தற்காலிகச் சேமிப்பிலிருந்து இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கக்கூடும். அதையும் துடைத்தாக வேண்டும்.

கோப்பு சில காலம் திறந்து கிடந்தது என்று தெரியவந்தால், நீக்குவதோடு வேலை முடியவில்லை. அணுகல் பதிவில் அந்தக் கோப்பின் பெயரைத் தேடி, 200 என்ற குறியீடும், பக்கத்தில் கோப்பின் முழு அளவுக்கு நிகரான பைட் எண்ணிக்கையும் உள்ள வரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; பெரிய கோப்புகளைத் துண்டு துண்டாக இறக்கியிருந்தால் 206 என்று இருக்கும். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் அப்பாச்சியின் பதிவுகள் இயல்பாக 14 நாட்களே தங்குகின்றன. இந்தியாவின் கணினி அவசர உதவிக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவோ, நிறுவனங்கள் பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்கவும், இத்தகைய நிகழ்வை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் சொல்கிறது. ஆகவே பதிவுகளின் ஆயுளை முன்பே நீட்டிவைப்பது அவசியம். யாராவது பதிவிறக்கியிருந்தாலும், பதிவு கிடைக்காமல் போனாலும், தரவுத்தளக் கடவுச்சொல்லையும் இரகசியச் சாவிகளையும் அன்றே மாற்றியாக வேண்டும். பயனர்களுக்கும் சொல்ல வேண்டும்: தரவுத்தளத்தில் அவர்களின் கடவுச்சொற்கள் நேரடியாகத் திருப்பி எடுக்க முடியாத ஹாஷ் வடிவில் இருந்தாலும், வேர்ட்பிரஸ் வலுவான பிகிரிப்ட் முறைக்கு மாறியது 2025இல் வந்த 6.8 பதிப்பில்தான்; அதற்கு முந்தைய காப்புப் பிரதிகளில் இருப்பவை எம்டி5 அடிப்படையிலான பழைய முறையில் உருவானவை, எளிய கடவுச்சொற்களை அவற்றிலிருந்து ஊகித்து எடுப்பது கடினம் அல்ல, அதே கடவுச்சொல்லை மின்னஞ்சலுக்கும் வைத்திருப்பவர் அங்கும் அதை மாற்றினால்தான் தப்ப முடியும்.