3,500 ஸ்டால் கேட்டு வரும் தம்பிமாருக்கு

இந்த மாதம் இது மூன்றாவது கியர்பாக்ஸ். மூன்றிலும் ஒரே கதை. ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) சிவப்பாக வழிய வேண்டிய இடத்தில் கருப்பட்டிப் பாகு மாதிரி, கருகின வாடையோடு இறங்கியது. நாகர்கோவிலில் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவனுக்கு இது வருமானம்தான். இருந்தாலும் வயிறு எரிகிறது.

கடைசியாக வந்த தம்பி மார்த்தாண்டத்துக்காரர். பழைய ஆட்டோமேட்டிக் கார். எஞ்சினில் செய்த வேலை ஏர் ஃபில்டரும் சைலன்சரும் மட்டும். மாட்டியிருந்ததோ 3,500 என்று போட்ட ஹை ஸ்டால் டார்க் கன்வெர்ட்டர், அதாவது எஞ்சினின் இழுவையை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் உறுப்பு. "நம்பர் கூடினா பிக்கப் கூடும்லா அண்ணே?"

கூடாது மக்கா. பிரேக்கில் வண்டியை அசையாமல் பிடித்து, டி (டிரைவ்) கியரில் முழு ஆக்சிலரேட்டர் மிதித்தால் எஞ்சின் எந்த ஆர்பிஎம்மில் முட்டி நிற்கிறதோ, அதுதான் ஸ்டால். அதைக் கன்வெர்ட்டர் மட்டும் முடிவு செய்வதில்லை, எஞ்சினின் டார்க்கும் (சுழற்றும் விசை) சேர்ந்துதான் முடிவு செய்கிறது. பெட்டியில் போட்டிருக்கும் 3,500 யாருடைய பெரிய எஞ்சினுக்கோ வந்த கணக்கு. அதில் பாதி டார்க் உள்ள எஞ்சினில் அதே கன்வெர்ட்டர் 2,500-ஐ ஒட்டித்தான் நிற்கும். டர்போ ஏற்றினால் அதுவே மேலே போகும். 3,500 வந்தால்தான் வண்டி நகரும் என்று பயப்படுகிறவர்களும் உண்டு. மெதுவாக மிதித்துப் பாருங்கள், அதற்கு வெகு கீழேயே நகரும்.

பெரிய கேம்ஷாஃப்ட் (எஞ்சின் வால்வுகளைத் திறக்கும் தண்டு) போட்டு, 3,000-க்குக் கீழே இழுவையே இல்லாத எஞ்சினுக்குத்தான் ஹை ஸ்டால். கம்பெனி கேம் கீழேயே இழுக்கும். அதற்குப் போய் இதை மாட்டினால் கன்வெர்ட்டர் வழுக்குவதெல்லாம் ஆயிலில் சூடாகத்தான் போகும். மார்த்தாண்டம் நெரிசலில் ஊர்ந்துவிட்டு, அப்படியே பேச்சிப்பாறை ஏற்றத்தில் மிதித்தால் ஆயில் என்ன ஆகும்?

(மேனுவல் கியர்பாக்ஸையே தானாக மாற்றிக்கொள்ளும் ஏஎம்டி வண்டிக்கும் கேட்டு வருகிறார்கள். அதில் கன்வெர்ட்டரே கிடையாது சாமி, கிளட்ச்தான்!)

வாங்கும் முன் கேம் கார்டு (கேம்ஷாஃப்டின் அளவுச் சீட்டு), வண்டி எடை, ஃபைனல் டிரைவ் (சக்கரத்துக்கு முந்தைய கடைசி கியர்) விகிதம், டயர் அளவு எல்லாம் எடுத்து வாருங்கள். தினமும் ஓட்டும் வண்டிக்கு லாக்கப் (ஓடும்போது கன்வெர்ட்டரை வழுக்காமல் பூட்டும் கிளட்ச்) இல்லாததைத் தொடாதீர்கள். தனி ஆயில் கூலர் இல்லாமல் ஹை ஸ்டால் வேண்டவே வேண்டாம். ஸ்டால் சோதனை 5 விநாடிக்கு மேல் போகக்கூடாது. தயவுசெய்து வீடியோ எடுக்க வண்டிக்கு முன்னால் ஆளை நிறுத்தாதீர்கள்.

அந்தத் தம்பிக்குக் கம்பெனி கன்வெர்ட்டரையே திரும்பப் போடலாம் என்று கேட்டேன். பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டாராம்.