மற்றமை: சொல் விளக்கம்

'ஓத்ர்' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு, பெண்ணின் நிலையைச் சொல்லும் இடத்தில், தமிழில் 'மற்றமை' என்று எழுதலாம். பிரெஞ்சில் 'ஓத்ர்' என்றால் மற்ற, வேறு என்று பொருள். இலத்தீன் 'அல்தெர்' என்ற சொல்லிலிருந்து வந்தது. இரண்டு இருக்கும்போது அதில் இன்னொன்றைச் சொல்வது அல்தெர். ஒரு கையைக் காட்டிவிட்டு 'மற்றக் கை எங்கே?' என்று கேட்கிறோமே, அது போல.

அன்றாடம் புழங்கும் இந்தச் சொல்லைப் பெண்ணின் நிலையைச் சொல்ல எடுத்தாண்டவர் பிரெஞ்சு எழுத்தாளரும் மெய்யியலாளருமான சிமோன் தெ பொவ்வார். 1908இல் பாரிசில் பிறந்தவர். 1929இல், தம் 21ஆம் வயதில், மெய்யியல் ஆசிரியர்களுக்கான 'அக்ரெகாசியோன்' போட்டித் தேர்வில் இரண்டாம் இடம் பெற்றார், முதலிடம் பின்னாளில் புகழ்பெற்ற மெய்யியலாளர் சார்த்தருக்கு. 1949இல் அவருடைய 'இரண்டாம் பாலினம்' இரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. 1956இல் வத்திக்கான் அதைத் தடைநூல் பட்டியலில் சேர்த்தது.

அந்த நூலின் முன்னுரையில் ஒரு ரயில் பெட்டி வருகிறது. தற்செயலாக மூன்று பேர் ஒரே பெட்டியில் சேர்ந்துவிட்டால் போதும், மீதிப் பயணிகள் எல்லாரும் அவர்களுக்கு லேசான பகையோடு 'மற்றவர்கள்' ஆகிவிடுகிறார்கள். சரி, அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் இந்த மூவர்தானே மற்றவர்கள்? வெளியூர் போனவருக்கு இது சட்டென்று உறைக்கும். அங்கே அந்நியர் அவர்தான். ஆண், பெண் நடுவில் மட்டும் பார்வை இப்படித் திரும்பாமல் போனது ஏன் என்று கேட்கிறார் பொவ்வார். பார்த்துத் தீர்மானிக்கும் இடத்தில் இருப்பவரை அவர் 'தன்னிலை' என்கிறார். 'அவனே தன்னிலை, அவனே முழுமுதல்; அவள் மற்றமை' என்று எழுதும் இடத்தில், ஓத்ரின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாகப் போடுகிறார்.

தமிழில் பெரிய எழுத்து கிடையாது. 'மற்றவர்' என்று எழுதினால் பக்கத்து வீட்டுக்காரர்தான் நினைவுக்கு வருவார். 'பிறன்மை' என்றும் சிலர் எழுதுகிறார்கள். இந்த இடத்தில் எனக்கு அது ஒப்பவில்லை. 'பிறன்மனை நோக்காத பேராண்மை' என்ற குறளில் பிறன் யார்? கணவன். பெண் அவனுடைய மனை. விகுதியும் ஆண்பால். பெண்ணுக்கு 'மற்றவள்' என்ற இடத்தைக்கூடத் தராத சொல்லை அவளுடைய நிலைக்குப் பெயராக வைப்பது எப்படி?

'மற்றமை' பொருந்துகிறது. 'மற்று' என்பதற்குப் 'பிறிது' என்ற பொருளும் உண்டு என்கிறது நன்னூல். 'மை' பண்புப்பெயர் விகுதி. ஆண்பால், பெண்பால் காட்டாது. ஒருவர் மேல் ஏற்றிவைத்த நிலை என்பது சொல்லிலேயே தெரிகிறது. ஆளையே சுட்ட வேண்டிய இடத்தில் 'மற்றவள்' என்று எழுதலாம்.

அப்புறம், வெறும் வேறுபாட்டைச் சொல்ல இதைப் பயன்படுத்த வேண்டாம். அதற்கு 'வேறுபாடு' போதும்.