அடர்த்தி: சொல்லும் கணக்கும்

ஓ.எல். விஞ்ஞானத்திலும் ஏ.எல். இரசாயனவியலிலும் பிள்ளைகள் ஆரம்பத்திலேயே தடக்குப்படும் கணக்குகளில் அடர்த்திக் கணக்கும் ஒன்று. திணிவைக் கனவளவால் வகுத்தால் அடர்த்தி என்பது எல்லோருக்கும் பாடம். எந்த இடத்தில் பெருக்குவது, எந்த இடத்தில் வகுப்பது என்பதில்தான் சிக்கல். ரியூசனில் இதற்கென்றே ஒரு முக்கோணம் கீறிக் காட்டுவார்கள். என்னைக் கேட்டால் அந்த முக்கோணம் வேண்டாம். சொல்லின் பொருளைச் சரியாகப் பிடித்தால் கணக்கு தானாக வரும்.

அடர் என்பது வினை. நெருங்குதல், செறிதல் என்று பொருள். வளர், வளர்த்தி, நேர், நேர்த்தி, அதே வழியில் அடர், அடர்த்தி. காடு அடர்ந்து கிடக்கிறது, பிள்ளைக்குத் தலைமயிர் நல்ல அடர்த்தி என்று சாதாரணமாகப் பேசும் அதே சொல்தான். விஞ்ஞானம் அந்த நெருக்கத்துக்கு ஓர் அளவு வைத்தது, அவ்வளவுதான்: ஒரு கன சென்ரிமீற்றர் இடத்துக்குள் எத்தனை கிராம் அடங்கிக் கிடக்கிறது?

ஆங்கிலக்காரரின் டென்சிற்றி, இலத்தீனில் டென்சஸ் என்ற சொல்லிலிருந்து வந்தது. அதற்கு நெருக்கமான என்றும் தடிப்பான என்றும் இரண்டு பொருளும் உண்டு. இந்தத் தடிப்புத்தான் ஆளைக் குழப்பும். கூழ் தடிப்பு, எண்ணெய் தடிப்பு என்கிறோமே, அது மெதுவாக ஓடும் தன்மை; பாடப்புத்தகத்தில் பிசுக்குமை. தேங்காயெண்ணெய் நீரைவிடத் தடிப்பானது, ஆனால் நீரில் மிதக்கும், ஏனென்றால் அதன் அடர்த்தி குறைவு. இதற்கு மறுகோடியில் இரசம், அதாவது பாதரசம்: நீர்போல இலேசாக ஓடும், அடர்த்தியோ நீரைப்போல 13.6 மடங்கு. அடர்த்தி என்ற தமிழ்ச் சொல்லில் தடிப்பு என்ற பொருள் முன்னுக்கு நிற்பதில்லை. அந்த விதத்தில் நமது சொல் ஒருபடி மேல் என்றே நினைக்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானத்தைத் தமிழில் எழுதும் வேலை பழையது. மானிப்பாயில் தமிழில் மருத்துவம் படிப்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன், 1875இல் வந்த இரசாயன நூலுக்குக் கெமிஸ்தம் என்றே பெயர் வைத்தார். பெயர் நிலைக்கவில்லை. இன்று நாம் இரசாயனவியல் என்கிறோம், தமிழ்நாட்டில் வேதியியல். இந்த இரட்டை வழக்கை இன்றைய பிள்ளைகள் நன்றாகவே உணர்கிறார்கள், ஏனென்றால் பாதிப் பேர் படிப்பது தமிழ்நாட்டு யூரியூப் வீடியோக்களில். அடர்த்தி இரு கரையிலும் ஒன்றுதான். அதன் அயலில் நிற்கும் சொற்கள்தான் மாறுகின்றன. நாம் திணிவு என்பதை அங்கே நிறை என்பார்கள். நமக்கோ நிறை என்பது புவி இழுக்கும் விசை, நியூற்றனில் அளப்பது. அதை அவர்கள் எடை என்பார்கள். நமது கனவளவு அங்கே பருமன். நமது சாரடர்த்தி அங்கே ஒப்படர்த்தி. நீரோடு ஒப்பிட்டுச் சொல்வது, அலகு கிடையாது.

இன்னொன்று மோசமானது. நாம் செறிந்த சல்பூரிக்கமிலம் என்பதை அவர்கள் அடர் கந்தக அமிலம் என்பார்கள். அங்கே அடர் என்றது செறிவைப் பற்றி, அதாவது கரைசலில் எவ்வளவு அமிலம் இருக்கிறது என்பதைப் பற்றி. ஒரே கணக்கில் செறிவும் அடர்த்தியும் சேர்ந்து வரும்போது இது வீண் தலையிடி. இந்த இடத்தில் நமது வழக்கையே வைத்துக்கொள்வது நல்லது.

சரி, கணக்குக்கு வருவோம். தேங்காயெண்ணெயின் அடர்த்தி கிட்டத்தட்ட ஒரு மில்லிலீற்றருக்கு 0.92 கிராம். (ஒரு மில்லிலீற்றரும் ஒரு கன சென்ரிமீற்றரும் ஒன்றுதான்.) நம் கடைகளில் ஒரு போத்தல் என்றால் 750 மில்லிலீற்றர். ஒரு மில்லிலீற்றருக்குள் 0.92 கிராம் அடங்கினால் 750 மில்லிலீற்றருக்குள் 750 × 0.92, அதாவது 690 கிராம். ஒரு கடையில் போத்தல் கணக்கிலும் அடுத்த கடையில் கிலோக் கணக்கிலும் விற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 1000 கிராமுக்குள் எத்தனை 0.92 இருக்கிறது? 1000 ÷ 0.92, கிட்டத்தட்ட 1087 மில்லிலீற்றர். போத்தல் கணக்கில் 1.45. போத்தல் 1000 ரூபா என்றால் கிலோ 1450 ரூபாவரை சரியான விலை. பெருக்குவதா வகுப்பதா என்று சந்தேகம் வந்தால் அலகுகளையும் சேர்த்து எழுதிப் பாருங்கள். வேண்டாத அலகு மேலும் கீழும் வெட்டுப்பட்டு, வேண்டிய அலகு மிஞ்ச வேண்டும்.

அடுத்த பொறி கன மீற்றர். ஒரு மீற்றர் 100 சென்ரிமீற்றர் என்பதால் கன மீற்றருக்கும் 100ஆல் பெருக்கிவிட்டுப் போகிறவர்கள் பலர். நீளம், அகலம், உயரம் மூன்றும் 100 மடங்காவதால் அது 10 இலட்சம் கன சென்ரிமீற்றர். கிராமைக் கிலோகிராமாக்க 1000ஆல் வகுக்க வேண்டும். மொத்தத்தில் 1000 மடங்கு: எண்ணெயின் 0.92 இப்போது கன மீற்றருக்கு 920 கிலோகிராம். நீர் 1000, அதாவது ஒரு கன மீற்றர்த் தாங்கி நிறைந்தால் ஒரு தொன். (நம் ஊர் வெக்கையில், 30 பாகை செல்சியசில், நீர் 996. ஆரம்பக் கணக்குக்கு அந்த வித்தியாசம் தேவையில்லை.)

பவுணையும் பார்க்கலாம். ஒரு பவுண் 8 கிராம், சுத்தத் தங்கத்தின் அடர்த்தி 19.3. வகுத்தால் 0.41 கன சென்ரிமீற்றர். அரை மில்லிலீற்றர்கூட வராத இடத்துக்குள் இன்றைய விலை முழுவதும் அடங்கிக் கிடக்கிறது!

ஏ.எல். ஆய்வுகூடத்தில் உண்மையாகவே தேவைப்படும் கணக்கு அமிலக் கணக்கு. செறிந்த சல்பூரிக்கமிலப் போத்தலில் 98 சதவீதம் (திணிவில் அவ்வளவு அமிலம்), அடர்த்தி 1.84 என்று இருக்கும். லீற்றருக்கு 1 மூல் செறிவுள்ள கரைசல் 500 மில்லிலீற்றர் வேண்டும். அதற்கு அரை மூல் போதும். சல்பூரிக்கமிலத்தின் மூலர்த் திணிவு, அதாவது ஒரு மூலின் திணிவு, 98 கிராம் என்பதால் அரை மூலுக்கு 49 கிராம். போத்தலில் இருப்பது 98 சதவீதம்தான், ஆகவே 49 ÷ 0.98, சரியாக 50 கிராம். அதைத் தராசில் நிறுக்க யாரும் போவதில்லை. அடர்த்தியைக் கொண்டு கனவளவாக்கினால் 50 ÷ 1.84, 27.2 மில்லிலீற்றர். அப்புறம் அந்த அமிலத்தை நீருக்குள் மெதுவாக விட வேண்டும். அமிலத்துக்குள் நீரை விடக் கூடாது. அடர்த்தி குறைந்த நீர் அமிலத்தின் மேல் நின்று, கலக்கும்போது எழும் சூட்டில் அந்த இடத்திலேயே கொதித்து முகத்துக்குத் தெறிக்கும்.