எண்ணெய்க் குளியலில் தடிக்கும் பழுப்புப் புள்ளிகள்: டெர்மோஸ்கோப்பில் என்ன தெரியும்?

கைக்குழந்தையைக் கால்மேல் போட்டு, எண்ணெய் தடவி, சுடுதண்ணீர் ஊற்றி, பயத்தமாவால் அழுத்தி உருவிக் குளிப்பாட்டும் பழக்கம் வட சென்னையின் ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் இன்னும் இருக்கிறது. பல வீடுகளில் அப்படிக் குளிப்பாட்டும் பாட்டியின் கைக்குத்தான் மாஸ்டோசைட்டோசிஸ் என்ற நோய் முதலில் தட்டுப்படும். மாஸ்ட் செல்கள் தோலில் அளவுக்கு மீறிக் குவிவதுதான் அது. முதுகிலும் வயிற்றிலும் எப்போதும் இருக்கும் பழுப்புப் புள்ளிகள், குளிக்கும்போது மட்டும் சிவந்து தடிக்கும். கொஞ்ச நேரத்தில் அமுங்கிவிடும். சில குழந்தைகளுக்கு அதன்மேல் நீர்க்கொப்புளமும் எழும். சூட்டுக் கொப்புளம், காணாக்கடி, அம்மைத் தழும்பு, கொசுக்கடி என்று வீட்டில் ஏதாவது ஒரு பெயர் அதற்குக் கிடைத்துவிடும். அக்கி என்று காவி எழுதிவிட்டு வருவதும் உண்டு.

"புள்ளி போகவே இல்லை, தேய்த்தால் தடிக்கிறது" என்று யாராவது சொன்னால் அந்த ஒரு வரியை விட்டுவிடக் கூடாது. கொசுக்கடி ஆறிய கறை தேய்த்தால் தடிக்காது. காணாக்கடியின் தடிப்பு 24 மணி நேரத்துக்குள் மறையும், கறை வைக்காது. இரண்டும் சேர்ந்து, கறையும் நிலைத்து, அதுவே தடிக்கவும் செய்தால் மாஸ்டோசைட்டோசிஸை நினைக்க வேண்டும்.

மாஸ்ட் செல்கள், ஒவ்வாமையில் வேலை செய்யும் நோய் எதிர்ப்பு செல்கள், எல்லோருடைய தோலிலும் இருப்பவைதான். பால் எர்லிக் 1878இல் அவற்றுக்குப் பெயர் வைத்தபோது, உள்ளே நிறைந்திருந்த துகள்களைப் பார்த்து, நன்றாகத் தின்று கொழுத்த செல்கள் என்று எண்ணி ஜெர்மன் மொழியில் அந்தப் பெயரைக் கொடுத்தார். அந்தத் துகள்களில் இருப்பது ஹிஸ்டமின், ஹெப்பாரின், டிரிப்டேஸ் போன்ற வேதிப்பொருள்கள். இந்த செல்கள் ஓரிடத்தில் அளவுக்கு மீறிக் குவிந்தால் அங்கே நிறமி செல்களும் தூண்டப்படுகின்றன. பழுப்பு நிறம் அதனால்தான். உராய்வோ சூடோ பட்டால் துகள்கள் வெளியே கொட்டும். தடிப்பும் அரிப்பும் அதனால்தான். பெரும்பாலான நோயாளிகளில் அடிப்படைக் காரணம் கிட் என்ற மரபணுவில் பிற்பாடு ஏற்படும் மாற்றம். பெரியவர்களில் அது பெரும்பாலும் டி816வி என்ற ஒரே மாற்றம்தான். தொற்று அல்ல. தொட்டால் ஒட்டாது.

இதில் டெர்மோஸ்கோப்புக்கு என்ன வேலை? 10 மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸும், தோலின் மேற்பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளியை நீக்கும் விளக்கும் கொண்ட கைக்கருவி அது. நிறமி எந்த வடிவில் இருக்கிறது, ரத்தக்குழாய் எப்படி ஓடுகிறது என்ற இரண்டையும் வெட்டாமல் காட்டும். மாஸ்ட் செல்லை நேரடியாகக் காட்டாது. ஆகவே கருவியை மட்டும் வைத்து இந்த நோயை உறுதிசெய்ய முடியாது. எங்கே தேய்த்துப் பார்ப்பது, எதைத் தேய்க்கவே கூடாது, பயாப்ஸி (தோலில் சிறு துண்டு வெட்டிச் சோதிப்பது) தேவைப்பட்டால் எந்தப் புள்ளியை எடுப்பது என்று அது வழிகாட்டும்.

2011இல் ஸ்பெயினிலிருந்து வெளிவந்த ஓர் ஆய்வு நான்கு தோற்றங்களை விவரித்தது. இன்றும் பெரும்பாலும் அந்தச் சட்டகத்தில்தான் பார்க்கிறோம். குழந்தைகளுக்குத் தனியாக ஒன்றிரண்டு மட்டும் வரும் மாஸ்டோசைட்டோமா என்ற மேடான திட்டில், ஓரம் மங்கிய மஞ்சள்-ஆரஞ்சு நிறம் எந்த வடிவமும் இல்லாமல் பரவியிருக்கும். தோலின் கீழடுக்கில் செல்கள் நெருக்கமாக அடைந்திருப்பதன் நிறம் அது. உடம்பெங்கும் பரவும் புள்ளி வகையில் இளம்பழுப்பு நிறம் ஒரே சீராகத் தெரியும், அல்லது மீன்வலையைப் போல மெல்லிய பழுப்புக் கோடுகள் தெரியும். ஓரத்துக்குப் போகப் போக வலை மெலிந்து சுற்றுத் தோலில் கலந்துவிடும். நான்காவது, சிவந்த பின்னணியில் மெல்லிய ரத்தக்குழாய்கள் வலையாகப் பின்னியிருப்பது. பெரியவர்களுக்கு வரும் சிவப்புப் புள்ளி வகையில் இதைப் பார்க்கலாம். அந்த ஆய்வில் இந்தக் குழாய் வலை இருந்தவர்களுக்குத் தினசரி மருந்து தேவைப்படுவது கூடுதலாக இருந்தது. எனவே இது தெரிந்தால் அரிப்பு, முகம் சிவந்து சூடாதல், மயக்கம் பற்றி விரிவாகக் கேட்க வேண்டும்.

வெளிநாட்டுப் படங்களைப் பார்த்துப் பழகிய கண் நம் ஊர்த் தோலில் தடுமாறுவது இந்த இடத்தில்தான். மாநிறத்திலும் கறுப்பிலும் சாதாரணத் தோலிலேயே லேசான நிறமி வலை உண்டு. "வலை இருக்கிறதா?" என்ற கேள்வி போதாது, பக்கத்தில் இரண்டு விரல் தள்ளி இருக்கும் நல்ல தோலைவிட இங்கே அடர்த்தியாக இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் ஒப்பிட வேண்டும். முகத்துப் புள்ளியை முதலில் எடுக்கக் கூடாது. அங்கே மயிர்க்கால் ஓட்டைகளே வலை போன்ற தோற்றத்தை உண்டாக்கும். முதுகு, வயிறு, தொடையின் உட்புறம் நல்லது. சிவப்பு நிறம் நம் தோலில் மங்கலாகவே தெரியும். குழாய் வலை தெரியாததால் அது இல்லை என்று எழுதிவிட முடியாது.

பார்ப்பதற்கு முன் துடைப்பது சின்ன வேலையாகத் தோன்றும். ஆனால் தவறுகளில் பல இங்கே நடக்கின்றன. மஞ்சள் பூசிய தோல் லென்ஸுக்குக் கீழே நன்றாக மஞ்சளாகவே தெரியும், அதை மாஸ்டோசைட்டோமாவின் நிறமாக எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. பவுடரும் திருநீறும் காலமைன் லோஷனும் வெள்ளைத் துகளாகத் தோல் வரிகளில் உட்கார்ந்து செதில் போலக் காட்டும். ஈரப்பஞ்சால் ஒற்றி எடுக்க வேண்டும். அழுத்தித் துடைத்தால் அதுவே தேய்த்ததாகி, பார்க்கும் முன்பே புள்ளி தடித்துவிடும். மஞ்சள் முழுதும் போகவில்லை என்றால் பக்கத்துத் தோலும் அதே மஞ்சளா என்று பார்த்தால் புரிந்துவிடும். சித்திரை, வைகாசியில் வேர்வை வழிய வரும் குழந்தையை ஃபேனுக்குக் கீழே 10 நிமிடம் உட்கார வைத்துவிட்டுப் பார்ப்பது நல்லது. வேர்க்குருச் சிவப்பும், வெயிலில் வந்த சூட்டுத் தடிப்பும் அடங்கும்.

வரிசை மாறக் கூடாது. முதலில் தோலைத் தொடாமல், போலரைஸ்டு (தெறிப்பை நீக்கிய) வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ரத்தக்குழாய் தெரிவது இந்தக் கட்டத்தில்தான். கண்ணாடியைத் தோலில் வைத்து அழுத்தினால் குழாயில் உள்ள ரத்தம் ஒதுங்கிப் போய்விடும், சிவப்பு வெளுத்துவிடும், குழாய் வலையே இல்லாதது போலாகும். அடுத்து ஜெல். அல்ட்ராசவுண்டுக்குப் பயன்படுத்தும் ஜெல்லே போதும். அதைத் தாராளமாகக் குவித்து, கண்ணாடி ஜெல்லை மட்டும் தொட்டு நிற்கும்படி பிடித்தால் அழுத்தம் இல்லாமலே நிறமி வலை தெளியும். குழந்தைக்கு ஸ்பிரிட்டோ சானிடைசரோ வேண்டாம், எரியும். குழந்தை முரண்டு பிடித்து அழுதாலே உடம்பு சிவந்துவிடும். ஃபிரிட்ஜில் வைத்த ஜெல்லும் வேண்டாம், திடீர்க் குளிர்ச்சியும் மாஸ்ட் செல்லைத் தூண்டக்கூடும். படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். கண்ணாடியில் இருக்கும் மில்லிமீட்டர் கோடு படத்துக்குள் வரட்டும், அடுத்த வருடம் ஒப்பிடும்போது அது இல்லாமல் முடியாது.

இவ்வளவும் ஆன பிறகுதான் தேய்ப்பது. டேரியர் அறிகுறி என்பார்கள். நாக்கை அழுத்தும் மரக்குச்சியின் ஓரத்தால், மிதமான அழுத்தத்தில், புள்ளியின் மேல் 5 முறை கோடு இழுத்துவிட்டுச் சில நிமிடம் காத்திருக்க வேண்டும். புள்ளி மட்டும் தடித்து, சுற்றிலும் சிவந்தால் அறிகுறி இருக்கிறது. பக்கத்தில் நல்ல தோலிலும் அதே மாதிரி இழுத்துப் பார்க்க வேண்டும். சிலருக்கு எங்கே கீறினாலும் தடிக்கும், அது வேறு. தடித்த பிறகு மறுபடியும் லென்ஸ் வைத்தால் வீக்கத்தால் வலை மங்கியிருப்பது தெரியும். அதனால்தான் தேய்க்கும் முன் பார்க்கச் சொல்வது. செடிரிசின் போன்ற ஒவ்வாமை மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு அறிகுறி மங்கலாம். இதற்காக மருந்தை நிறுத்தச் சொல்வதைவிட, குளியலின்போது வீட்டில் போனில் எடுத்த படத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது மேல்.

பெரிய, மேடான மாஸ்டோசைட்டோமாவைத் தேய்க்கவே கூடாது. உடம்பு முழுக்கத் தோல் தடித்திருக்கும் பரவலான வகையிலும் கூடாது. அங்கே அடைந்திருக்கும் செல்கள் ஒரே நேரத்தில் ஹிஸ்டமினைக் கொட்டினால் குழந்தை முழுக்கச் சிவந்து, ரத்த அழுத்தம் இறங்கிவிடக்கூடும். லென்ஸில் மஞ்சள்-ஆரஞ்சு நிறமும், குளியலில் தடிக்கும் என்ற தகவலும் இருந்தால் அதுவே போதுமான தடயம்.

மஞ்சள்-ஆரஞ்சு என்றதும் முடிவுக்கு வந்துவிடவும் கூடாது. குழந்தைகளுக்கு வரும் ஜூவனைல் சாந்தோகிரானுலோமாவும் அதே நிறத்தில், சிவந்த ஓரத்தோடு அஸ்தமனச் சூரியன் போலத் தெரியும். அது தேய்த்தால் தடிக்காது. பிறவி மச்சத்தில் பழுப்பு உருண்டைகளும் முரட்டு மயிரும் தெரியும். பெரியவர்களில், வருடக்கணக்காக நைலான் நாரால் தேய்த்துக் குளித்து மேல்முதுகு கறுத்திருந்தால் அது பெரும்பாலும் தோலில் மட்டும் வரும் அமிலாய்டோசிஸ்: நடுவில் ஒரு பொட்டு, அதிலிருந்து கதிர் போலக் கோடுகள். பக்கிங்ஹாம் கால்வாய் ஓரத்திலும் ஓட்டேரி நல்லா என்ற கால்வாய் ஓரத்திலும் கொசுக்கடிக் கறை இல்லாத குழந்தைக் கால் அரிது. அந்தக் கறையிலும் நிறமி வலை தெரியும். பெரும்பாலும் கை கால்களில்தான் இருக்கும், உடையால் மூடிய முதுகிலும் வயிற்றிலும் குறைவு. அடுத்த நோயாளிக்குப் போகும் முன் லென்ஸைத் துடைத்துக் கிருமி நீக்குவதும் இதே சுற்றில் சொல்ல வேண்டியது. சிரங்கைப் பார்த்த கண்ணாடியை அப்படியே கைக்குழந்தை மேல் வைக்கக் கூடாது.

புள்ளிகளும் டேரியர் அறிகுறியும் தெளிவாக இருக்கும் குழந்தைக்குப் பயாப்ஸி பெரும்பாலும் தேவையில்லை. தேவைப்பட்டால் தேய்க்காத புள்ளியையே எடுக்க வேண்டும். தேய்த்த புள்ளியில் செல்கள் துகளைக் கொட்டிவிட்டிருக்கும், துகளை வைத்து நிறமேற்றும் டொலுயிடின் புளூ என்ற சாயத்தில் அவை தெரியாமல் போகலாம். மரத்துப்போகும் ஊசியைப் புள்ளிக்குள் குத்தாமல் சுற்றிலும் போட வேண்டும். வெட்டிய தோல் துண்டை ஃபோர்செப்ஸ் இடுக்கியால் நசுக்கவும் கூடாது. மாஸ்ட் செல்லை அடையாளம் காட்டும் சி.டி.117, டிரிப்டேஸ் சாயங்களைக் கேட்டு எழுதி அனுப்பாவிட்டால், செல் குறைவாக இருக்கும் வகைகளில் அறிக்கை சாதாரண அழற்சி என்று வந்துவிடும்.

குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே நோய்ப்பெயர், போக்கு வேறு. குழந்தைகளில் புள்ளிகள் அளவில் ஒன்றுக்கொன்று வேறுபட்டு, பெரிதாக, தலையிலும் கழுத்திலும்கூட இருக்கும். இந்த வகை பெரும்பாலும் பருவ வயதை ஒட்டி மங்கிவிடும். குளிப்பாட்டுவதை நிறுத்தத் தேவையில்லை; வெதுவெதுப்பான தண்ணீர், உருவாமல் மேலாக எண்ணெய் தடவல், துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்தல், தளர்ந்த பருத்திச் சட்டை போதும். தடுப்பூசியைத் தானாகத் தள்ளிப்போட வேண்டாம். நோய் இருப்பதை ஊசி போடுபவரிடம் சொல்லி, போட்ட பிறகு அங்கேயே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தால் போதும்.

பெரியவருக்கு ஒரே மாதிரியான சின்னச் சின்னப் புள்ளிகள் தொடையிலும் உடம்பிலும் தொடங்கினால், எலும்பு மஜ்ஜையிலும் நோய் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே சோதிக்க வேண்டும். ரத்தத்தில் டிரிப்டேஸ் அளவு, டி816வி சோதனை, தேவைப்பட்டால் மஜ்ஜைப் பரிசோதனை, எலும்பு அடர்த்தி ஸ்கேன். டிரிப்டேஸ் ஒரு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமைத் தாண்டினால் அது உடலுக்குள் பரவியதற்கான சிறு அடையாளங்களில் ஒன்று. தோலோடு நின்றுவிட்டது என்று லென்ஸை வைத்து யாரும் சொல்ல முடியாது. ஸ்டான்லி போன்ற பெரிய அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போகும்போது பழைய போன் படங்களையும், சாப்பிட்ட மாத்திரைகளின் அட்டையையும் எடுத்துப் போவது நல்லது.

இந்த நோய் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை சில. இதுவரை ஒத்துக்கொண்ட வலி மாத்திரையை விடத் தேவையில்லை, ஆனால் புதிதாக டைக்ளோபினாக் ஊசி போடும் முன் நோயைச் சொல்ல வேண்டும். கோடீன் கலந்த இருமல் மருந்துக்கும் அப்படியே. அறுவை என்றால் மயக்க மருந்து நிபுணருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். குளவி, தேனீ கொட்டி மயங்கியவருக்கு அட்ரினலின்தான் முதல் மருந்து, தொடையின் வெளிப்பக்கத் தசையில், பெரியவருக்கு 0.5 மில்லிகிராம். ஒவ்வாமைக்குப் போடும் ஏவில் ஊசி அதற்கு மாற்று அல்ல.

காசிமேட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு மீனைப் பற்றியும் ஒரு வார்த்தை. சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் கிடந்தால் சதையிலேயே ஹிஸ்டமின் ஊறிவிடும், கொதிக்க வைத்தாலும் அழியாது. யார் சாப்பிட்டாலும் முகம் சிவந்து தலை வலிக்கும். மாஸ்டோசைட்டோசிஸ் இருப்பவருக்கு அது கடுமையாகலாம். மீனால் வந்ததா, மாஸ்ட் செல் வெடித்து வந்ததா என்று பிரிக்க டிரிப்டேஸ் உதவும், மீன் ஹிஸ்டமினில் அது ஏறாது. தொந்தரவு தொடங்கி 4 மணி நேரத்துக்குள் ரத்தம் எடுக்க வேண்டும். முழுக்கச் சரியாகி 24 மணி நேரம் கழித்து இன்னொரு முறை எடுக்க வேண்டும். முதல் அளவு, இரண்டாவது அளவைவிட அதன் 20 சதவீதமும் கூடவே 2 நானோகிராமும் சேர்ந்த அளவுக்கு அதிகமாக இருந்தால், கொட்டியது மாஸ்ட் செல்தான்.